கிளாட் கால அட்டவணை: பாடபேதங்களும் பதிப்புச் சிக்கல்களும்

மைசூர் குவெம்பு நகரில், அக்கா வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தால் நிலைபெற்றிருக்கும் கால அட்டவணையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இரண்டாம் பியூசி, மாலை டியூஷன், சனிக்கிழமை வீணை வகுப்பு எல்லாவற்றுக்கும் நடுவில், டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான ‘கிளாட்’ நுழைவுத் தேர்வை எழுதப்போகும் அக்கா மகளே இதன் நூலாசிரியர். தேர்வைப் பற்றி முன்னோர் போதிய அளவு சொல்லிவிட்டனர்: 2008இல் தொடங்கியது, இப்போது 120 நிமிடத்தில் 120 கேள்வி, தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் போய்விடும். அட்டவணையைப் பற்றித்தான் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

1. விடிகாலைப் பகுதி (4:30 – 6:00): இடைச்செருகல். கையெழுத்து அக்காவுடையது.

2. கணக்குப் பகுதி: தேர்வில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அட்டவணையில் அதுவும் இல்லை.

3. தசரா பகுதி: பத்து நாளும் வெற்றிடம். சுவடி சிதைந்தது என்பர் ஒரு சாரார். கொலு பார்க்க ஆள் வந்தவண்ணம் இருந்தது என்பர் வீட்டார்.

4. காலை 7:30 முதல் 9:00 வரை: ஆய்வுலகம் இரண்டுபட்டு நிற்பது இங்கேதான். இக்கட்டத்தில் நீல மையில் ‘சட்டத் தர்க்கம்’ என்றிருக்கிறது. அதன்மேல் பச்சை ஸ்கெட்ச் பேனாவில் ‘குளியல், இட்லி’. எது மூலபாடம்? நீலமே என்பது அத்திம்பேர் கட்சி (காலை உரை, இரண்டாம் டம்ளர் காபி). பச்சையே என்பது பாட்டியின் முடிபு (வாய்மொழி, சமையலறை வாசல், விரிவாக்கிய மறுபதிப்பு, தொலைபேசியில், சென்னைச் சித்திக்கு). நீலத்தின் பழமைக்குச் சான்றாக அத்திம்பேர் காட்டுவது ஒரு கறை (காண்க: மேற்படி கதவு, இடது கீழ்மூலை, பால் கணக்குக்கு மேலே, சாம்பாருக்கு முந்தைய நிலை, சாம்பாருக்குப் பிந்தைய நிலைக்குக் காண்க: பாட்டியின் முந்தானை, அதே நாள், மாலை).

இரு கட்சியாரும் கௌடில்யரைப் பார்க்கத் தவறினர். அர்த்தசாஸ்திரம் பகலை எட்டாகவும் இரவை எட்டாகவும் வகுத்து அரசனுக்கு அட்டவணை போட்டுத் தருகிறது. ஒரு கூறு ஒன்றரை மணி நேரம். பகலின் மூன்றாம் கூறில் குளியல், உணவு, கல்வி மூன்றும் ஒன்றாக வருகின்றன. ஆகவே நீலமும் மூலம், பச்சையும் மூலம். அரசனின் மூன்றாம் கூறு ஒன்பது மணிக்கல்லவா தொடங்குகிறது என்று அத்திம்பேர் மடக்கினார். அரசனுக்குக் கல்லூரி மணி அடிப்பதில்லை என்பது என் விடை. தூக்கத்துக்கு அரசன் பெறுவது இரவின் நான்காம், ஐந்தாம் கூறுகள் மட்டுமே, அதாவது மூன்று மணி நேரம். இது அக்கா மகள் காதில் விழாதவாறு பாட்டி பார்த்துக்கொள்கிறார்.

அர்த்தசாஸ்திரமும் இவ்வூரில்தான் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர் தந்த ஓலைச்சுவடியை 1905இல் மைசூர் கீழைநாட்டுச் சுவடி நூலகத்தில் கண்டெடுத்தார் ஷாம சாஸ்திரி. 1909இல் அச்சுக்கே கொண்டுவந்துவிட்டார். நான்கே ஆண்டு! நம் காலத்துப் பேராசிரியராக இருந்திருந்தால் முதல் ஓலையின் ஓட்டை வலப்பக்கமா இடப்பக்கமா என்று மூன்று கருத்தரங்கு நடத்தி, பயணப்படியும் வாங்கி, நூலைப் படிக்கும் வேலையை மாணவர் தலையில் கட்டியிருப்பார்.

5. பேருந்துப் பகுதி: இது அட்டவணையில் இல்லை. ஆயினும், நகரப் பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றபடியே அக்கா மகள் 450 சொல் வரும் பத்திகளை ஒவ்வொன்றாக முடிக்கிறாள் என்றும், கேள்விக்கு ஒரு நிமிடம் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கிறாள் என்றும், வீணை வகுப்பு வாசலில் காத்திருக்கும்போது செய்தித்தாளை மடித்து வைத்து நடப்பு நிகழ்வுகளுக்குக் கோடு போடுகிறாள் என்றும் உடன் படிக்கும் தோழியர் தெரிவிக்கின்றனர். கதவில் இதற்கு எழுத்துச் சான்று ஏதும் இல்லை. எனவே இவ்வாய்வு இதனை ஏற்பதற்கில்லை. டிசம்பர் முடிவுகள் வேறுவிதமாகச் சொல்லக்கூடும். அவை இக்கட்டுரையின் கால எல்லைக்கு அப்பாற்பட்டவை.