அரை மணியில் உலக சங்கமம்

இசைக்கு எல்லை கிடையாது என்று யாராவது மைக் பிடித்துச் சொன்னால் எனக்கு உடனே நெஞ்சு நெகிழ்ந்துவிடும். எவ்வளவு பெரிய ஆறுதல்! எல்லையே இல்லையென்றால் தாண்ட வேண்டியதும் இல்லை. அந்தப் பக்கத்து பாஷையைக் கற்க வேண்டாம், அந்தப் பக்கத்து வாத்தியாரிடம் திட்டு வாங்க வேண்டாம். நம் காலத்து ஃப்யூஷன் கலைஞர்கள் இந்த சூட்சுமத்தைப் பிடித்துவிட்டார்கள். முன்னால் இருந்தவர்களுக்கு இது தெரியாமல் போயிற்று. பாவம், அவர்கள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது.

நான் இருப்பது மைசூரில் ஹெப்பாள். தொழிற்பேட்டை, இன்ஃபோசிஸ் வளாகம், ரிங் ரோடு, ஒரு ஏரி, ஷிப்ட் முடிந்து வரிசையாகத் திரும்பும் கம்பெனி பஸ்கள். வீணை சேஷண்ணா, வாசுதேவாச்சார், சௌடையா என்று இந்த ஊர் சொல்லிக்கொள்ளும் பெயர்களெல்லாம் அரண்மனைப் பக்கத்துச் சொத்து. எங்கள் பக்கத்துக்குச் சங்கீதத்தில் பேரும் இல்லை, அதைக் காப்பாற்றும் தொல்லையும் இல்லை. ஆனால் கூப்பிடு தூரத்தில் கோகுலம் இருக்கிறது. அஷ்டாங்க யோகா கற்க உலகம் பூராவிலுமிருந்து அங்கே வந்து தங்குகிறார்கள்; வருகிறவர்களில் சிலர் வாத்தியத்தோடும் வருகிறார்கள். உலக சங்கமத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அப்படி ஒரு சங்கமத்துக்குப் போகும் பாக்கியம் எனக்கும் கிடைத்தது. போஸ்டரில் வித்வான்களின் பெயரைவிடக் கொடிகள் பெரிதாக இருந்தன. அதுதான் முறை. பெயரைப் போட்டால் யாரிடம் படித்தார், எத்தனை வருஷம் படித்தார் என்று எவனாவது கேட்பான். கொடியிடம் யாரும் குரு யார் என்று கேட்பதில்லை.

கச்சேரிக்கு அரை மணி முன்னால்தான் எல்லோரும் சந்தித்துக்கொண்டார்களாம். தொகுப்பாளர் இதைப் பெருமையாகவே அறிவித்தார், நாங்களும் கைதட்டினோம். 1992இல் கலிபோர்னியாவில் விஸ்வமோகன் பட்டும் ரை கூடரும் சந்தித்து ஒரு மணி நேரத்துக்குள் ஒலிப்பதிவுக்கு உட்கார்ந்துவிட்டார்கள், அந்த ஆல்பத்துக்கு கிராமி கிடைத்தது என்றும் சொன்னார். உண்மைதான். அரை மணி போதும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். அந்தச் சந்திப்புக்கு முன்னால் ஒருவர் ரவிசங்கரிடம் சீடராக இருந்ததையும், கிதாரை வெட்டி ஒட்டித் தந்தி சேர்த்து மோகன வீணையாக்கியதையும், இன்னொருவர் ஸ்லைடு கிதாரில் பாதி ஆயுளைக் கழித்ததையும் அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நேரம் ஆகியிருக்கும். ஹால் வாடகை மணிக்கணக்கில்.

மேடையில் ஒரு வயலின், ஒரு மிருதங்கம், ஒரு கிதார், ஒரு ஹேண்ட்பேன், மூங்கில் குழாய் மாதிரி தரையில் நீண்டு கிடந்த ஒரு டிஜரிடூ, எல்லாவற்றுக்கும் அடியில் கீபோர்டிலிருந்து ஓயாமல் ஒரு ‘பேட்’. அந்த பேட் ஒரு வரப்பிரசாதம். அது ஓடிக்கொண்டிருக்கும்வரை யார் எதை வாசித்தாலும் தியானம் மாதிரி இருக்கும். நிறுத்தினால்தான் யார் என்ன வாசித்தார் என்று தெரியும், நிறுத்தவில்லை.

பக்கத்தில் ஒரு பெரியவர். டயர் கம்பெனியில் ரிடையர் ஆனவர், மைசூரிலேயே மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழர். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் சாய்ந்தார்.

“தம்பி, சுருதி சேத்து முடிச்சாங்களா இல்லையா? எப்ப ஆரம்பிப்பாங்க?”

“ஆரம்பிச்சு இருபது நிமிஷம் ஆச்சுங்க ஐயா.”

“ஓஹோ,” என்றார். “ரொம்ப சென்னாகிதே.”

அவருக்கு விவரம் போதவில்லை. 1971 ஆகஸ்டில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், வங்கதேச அகதிகளுக்காக நடந்த நிகழ்ச்சியில் ரவிசங்கரும் அலி அக்பர் கானும் அல்லா ரக்காவும் சுருதி சேர்த்து முடித்ததுமே கூட்டம் ஆரவாரித்துவிட்டது. சேர்த்ததற்கே இவ்வளவு ரசனையென்றால் வாசிப்பதை இன்னும் ரசிப்பீர்கள் என்று நம்புகிறேன் என்ற பொருளில் ரவிசங்கர் பதில் சொல்லிவிட்டுக் கச்சேரியைத் தொடங்கினார். அங்கேதான் அவர் தவறவிட்டார். கைதட்டல் எந்த இடத்தில் விழுகிறது என்று தெரிந்துவிட்டபின் அந்த இடத்தையே ஒன்றரை மணிக்கு நீட்டுவதல்லவா சாமர்த்தியம்? அந்த சாமர்த்தியத்தை ஐம்பது வருஷம் கழித்து எங்கள் பேட்டையில் கண்டேன்.

ராகத் தேர்விலும் குறை சொல்ல முடியாது. கீரவாணி. இந்த மேடைகளில் கீரவாணி, ஹம்ஸத்வனி, மோகனம், சாருகேசி இந்த நாலுக்கும் நிரந்தர பாஸ்போர்ட் உண்டு. கீரவாணியின் சுரங்கள் மேற்கத்தியரின் ஹார்மோனிக் மைனர் ஸ்கேலோடு அப்படியே பொருந்துகின்றன, மோகனம் பியானோவின் கறுப்புக் கட்டைகளில் சொந்த வீடு மாதிரி உட்கார்ந்துகொள்ளும். தோடி, வராளி, பேகடை, ஆகிரி போன்றவற்றுக்கு விசா கிடைப்பது கஷ்டம். அவற்றில் சுரம் ஓரிடத்தில் நிற்காது, இரண்டு கட்டைக்கு நடுவே அசைந்துகொண்டேயிருக்கும். கீபோர்டில் கார்டு பிடிப்பவர் எதைப் பிடிப்பார்? விருந்தாளிக்கு சங்கடம் தருவது நம் பண்பாடல்ல. ஆகவே சங்கமத்துக்குப் போகும்போது நம்மிடம் இருப்பதில் அவர்களிடமும் இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறோம். இரண்டு கலாசாரங்கள் சந்தித்ததில் இரண்டுமே எதையும் புதிதாகத் தெரிந்துகொள்ள நேரவில்லை என்பது எவ்வளவு நாகரிகமான சந்திப்பு!

மிருதங்கக்காரரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். திரை விலகுமுன் அவர் ஓரமாக உட்கார்ந்து, மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்பி, தட்டிப் பார்த்து, கொஞ்சம் எடுத்து, மறுபடி அப்பி, காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். சவுண்ட் என்ஜினியர் வந்து, “சார், லெஃப்ட்ல லோ எண்டு நான் ஏத்திக்கறேன், நீங்க டென்ஷனாகாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். ரவைக்கு விடுதலை கிடைத்த அந்தக் கணத்தை மிருதங்கக்காரர் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று நினைக்கிறேன், அப்பிக்கொண்டேதான் இருந்தார்.

பிறகு கேள்வி-பதில் வந்தது. மிஸ்ர சாபுவில் ஒரு நீளமான கோர்வையைப் போட்டுவிட்டு அவர் ஹேண்ட்பேன்காரரைப் பார்த்தார். அந்த இளைஞர் மலர்ந்த முகத்தோடு இரண்டு கையும் கூப்பி வணங்கினார். சபை நெகிழ்ந்தது. மிருதங்கக்காரர் பாதியாகக் குறைத்தார். இளைஞர் புன்னகைத்தார். அதிலும் பாதி. ‘டிங்’ என்று ஒரு சத்தம் வந்தது. கடைசியில் இவர் ஒரே ஒரு ‘தோம்’ கொடுக்க, அவர் ஒரே ஒரு ‘டிங்’ கொடுக்க, ஹாலே எழுந்து நின்றது. தனி ஆவர்த்தனத்தில் குறைப்பு என்று ஒன்று உண்டு. கணக்கில் பிசகாமல் படிப்படியாகச் சுருக்கிக்கொண்டு வர வருஷக்கணக்கில் சாதகம் வேண்டும். அன்று அதை இரக்கத்தாலேயே செய்து காட்டினார்கள்.

இந்த வசதியெல்லாம் இல்லாத காலத்தில் அகப்பட்டுக்கொண்டவர்களை நினைத்துப் பார்க்கிறேன். முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர். மணலியில் முதலியார் ஆதரவில் இருந்தபோது கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் பேண்டைக் கேட்டார். கேட்டதோடு விட்டாரா? வயலினை ஓர் ஐரோப்பிய வாத்தியாரிடம் முறையாகக் கற்றார். பிறகு நம்மவர்கள் அதைத் தரையில் உட்கார்ந்து, நெஞ்சில் அணைத்து, அதன் தலையைக் கணுக்காலில் ஊன்றி, தந்திகளை ச-ப-ச-ப என்று மாற்றி, வாய்ப்பாட்டுக்குப் பின்னால் நிழலாகப் போக வைத்தார்கள். இத்தனைக்கும் ஒரு கொடி அச்சிடவில்லை. இருநூறு வருஷம் கழித்து வயலின் வெளிநாட்டு வாத்தியம் என்பதே யாருக்கும் நினைவில்லை. பிராண்டிங்கில் இப்படியொரு தோல்வி!

அடுத்தவர் கத்ரி கோபால்நாத். இவருடைய கேடு எங்கள் ஊரிலிருந்தே தொடங்குகிறது என்பதால் கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கிறது. பண்ட்வாள் பக்கத்தில் நாகஸ்வரக்காரர் வீட்டில் 1949இல் பிறந்த பையன். மைசூர் அரண்மனை பேண்டில் ஒருவர் சாக்ஸபோன் வாசிப்பதைக் கேட்டு மயங்கிவிட்டான். மயங்கியதில் தப்பில்லை. நேராக ஒரு சாக்ஸபோனை வாங்கி, ஒரு பேட் ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஊதியிருந்தால் அடுத்த மாதமே மேடை. இவர் என்ன செய்தார்? மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடம் பாடம், பிறகு சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் பாடம். சாவியை அழுத்தினால் ஒரு சுரம், விட்டால் இன்னொரு சுரம் என்று இருக்கும் வாத்தியத்தில் உதட்டாலும் மூச்சாலும் கமகம் வரவழைக்க, ஏறக்குறைய 20 வருஷம். வாத்தியத்திலேயே மாற்றங்கள் செய்துகொண்டார். கூட வாசிக்க வெள்ளைக்காரர் ஒருவர்கூட இல்லாமல், தனியாக ஓர் அறையில் நடந்த கலாசார சங்கமம் அது. பார்வையாளர் இல்லை, ஸ்பான்சர் இல்லை.

அதன் பலன்தான் என்ன? 1980இல் பம்பாய் ஜாஸ் யாத்ராவில் அமெரிக்க சாக்ஸபோன்காரர் ஜான் ஹேண்டி கேட்டுவிட்டு, சேர்ந்து வாசிக்கலாம் வாருங்கள் என்றார். 1994இல் லண்டன் ப்ராம்ஸ் மேடை. அதே வருஷம் ‘டூயட்’ படத்தில் அவர் ஊதிய கல்யாண வசந்தத்தைத் தமிழ்நாடே முணுமுணுத்தது. அமெரிக்காவில் ருத்ரேஷ் மகந்தப்பா என்ற ஜாஸ்காரர் இவர் இசைத்தட்டைக் கேட்டுத் திகைத்து, பிறகு இவரோடு சேர்ந்து 2008இல் ‘கின்ஸ்மென்’ என்ற ஆல்பமே போட்டார். இருக்கட்டும். 20 வருஷத்தில் எத்தனை சங்கமம் நடத்தியிருக்கலாம்! மாதத்துக்கு ஒன்று என்றாலும் 240.

ஜான் மக்லாஃப்லினும் இதே ரகம்தான். 1970களில் உலகம் அறிந்த கிதார்காரர், பெயருக்கே டிக்கெட் விற்கும். அவர் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை படிக்க உட்கார்ந்தார். அது போதாதென்று, தந்தியை இழுத்து கமகம் எடுப்பதற்காக மெட்டுகளுக்கு நடுவே பலகையைக் குடைந்து, தம்புரா மாதிரி ரீங்கரிக்கத் தனியாக ஏழு தந்திகளைக் குறுக்கே பூட்டி ஒரு கிதாரையே செய்யச் சொன்னார். அதை எடுத்துக்கொண்டுதான் எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராமோடு ‘சக்தி’ மேடையில் உட்கார்ந்தார். கடத்தில் விழும் கணக்குக்கு அவர் கைகூப்பி வணங்கித் தப்பித்ததே இல்லை. பதிலுக்கு வாசித்துத் தொலைத்தார். அந்தக் குழுவுக்கு கிராமி கிடைத்தது 2024இல். முதல் ஆல்பம் 1976. பிடிவாதக்காரர்கள்.

ஆனால் இந்தப் பட்டியலில் முதல் பரிசு எங்கள் மகாராஜாவுக்குத்தான். ஜயசாமராஜேந்திர உடையார் பியானோவை முறையாகப் படித்தவர். லண்டனில் உடம்புக்கு முடியாமல் கிடந்த ரஷ்யர் மெட்னரின் இசையை ஒலிப்பதிவு செய்ய அவர்தான் பணம் கொடுத்தார். மெட்னர் தன் மூன்றாவது பியானோ கன்செர்ட்டோவை இவருக்கு அர்ப்பணித்தார். 1948இல் லண்டன் ஃபில்ஹார்மோனியா கன்செர்ட் சொசைட்டிக்கு முதல் தலைவர். ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் இறந்து எட்டு மாதம் கழித்து, 1950 மே 22இல், அவருடைய கடைசி நான்கு பாடல்கள் ராயல் ஆல்பர்ட் ஹாலில் முதன்முதலாக ஒலித்தன. பாடியவர் கிர்ஸ்டன் ஃப்ளாக்ஸ்டாட், நடத்தியவர் ஃபுர்ட்வாங்லர், செலவுக்குப் பொறுப்பேற்றவர் மைசூர் மகாராஜா. அதே மனிதர் இங்கே வாசுதேவாச்சாரிடம் சிட்சை பெற்று, ‘ஸ்ரீவித்யா’ முத்திரையோடு 94 கிருதிகள் செய்தார். ஒரு கையில் மெட்னர், மறு கையில் கர்நாடக சங்கீதம். பணத்துக்குக் குறைவில்லை, கேட்டால் மறுக்க ஆளில்லை. இரண்டையும் கலந்து ஒரே ஒரு கச்சேரி? கிடையாது! பியானோ பியானோவாகவே இருந்தது, கிருதி கிருதியாகவே இருந்தது. இரண்டையும் அவ்வளவு ஆழமாகத் தெரிந்துகொண்டால் இப்படித்தான், எதை எங்கே விட வேண்டும் என்கிற தயக்கம் வந்துவிடும். எங்கள் பேட்டைக் குழுவிடம் அவரை ஒரு மாலை ஒப்படைத்திருந்தால் தயக்கத்தைத் தெளிவித்து, போட்டோவும் எடுத்துக் கொடுத்திருப்பார்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் நல்ல செய்தி ஒன்றும் சொன்னார்கள். இந்தக் குழு ஆல்பம் வெளியிடப்போகிறது. அதற்காக மறுபடி ஒன்றுகூடத் தேவையில்லை. யோகா வகுப்பு முடிந்து அவரவர் ஊருக்குப் போய்விடுவார்கள்; ஒரு கிளிக் டிராக்கை எல்லோருக்கும் அனுப்பிவிடுவார்கள்; ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவரவர் வீட்டில் அவரவர் பங்கை வாசித்து அனுப்பினால் பெங்களூரில் ஒருவர் ஒட்டிக் கொடுத்துவிடுவார். அரை மணிச் சந்திப்புகூட இனி அனாவசியம். மிருதங்கக்காரர் மட்டும், “அவர் வாசிக்கிறது என் காதுல விழாம நான் எப்படிங்க வாசிக்கிறது?” என்று மேடைக்குப் பக்கத்தில் நின்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார். கவலைப்படாதீர்கள் என்று அவரைத் தட்டிக்கொடுத்தார்கள். பொருந்தாத பங்கை ஒரு பொத்தானில் மௌனமாக்கிவிடலாமாம். பெயர் மட்டும் அட்டையில் கொடியோடு இருக்குமாம்.