நடுப்புவியின் உணாத்திணை: ஓர் ஆய்வு

ஜே. ஆர். ஆர். டோல்கியன் படைத்த நடுப்புவியை மொழி, குலமரபு, மோதிரம் என்று அறிஞர் பெருமக்கள் துருவித் துருவி ஆராய்ந்துவிட்டார்கள். ‘மத்தியானம் என்ன சாப்பிட்டார்கள்?’ என்ற தலையாய வினா மட்டும் வாசலிலேயே நிற்கிறது. தொல்காப்பியர் இப்படி விட்டிருக்க மாட்டார். கருப்பொருள்களை அடுக்கும்போது தெய்வத்துக்கு அடுத்த இலையை அவர் உணவுக்குத்தான் போட்டார். அவ்வழி நின்று, நடுப்புவியை ஐந்திணையாகப் பகுக்க இவ்வாய்வு துணிகிறது.

மருதத்தில் ஐயமில்லை. ஹாபிட்டுகள் வாழும் ஷயர்தான் அது. ஆளுயரம் இரண்டு முதல் நான்கு அடி; கிடைத்தால் நாளொன்றுக்கு ஆறு வேளைச் சாப்பாடு. ஊருக்குள் காவல் பார்க்கப் பன்னிரண்டே பேர். மேயருக்கு ஏறத்தாழ ஒரே கடமை, விருந்துகளுக்குத் தலைமை தாங்குவது. ஆறு வேளை பந்தி நடக்கிற நாட்டில் களவு செய்ய எவனுக்கு நேரம் இருக்கும்?

இங்கே ஒரு பாடபேதம். 1937இல் வெளிவந்த ‘தி ஹாபிட்’ நூலில், விருந்தாளியான மந்திரவாதி கேண்டால்ஃப் கோழியும் தக்காளியும் கேட்கிறார். 1966 பதிப்பில் தக்காளியைக் காணோம். அந்த இடத்தில் ஊறுகாய். அமெரிக்கக் கண்டத்துக் காய்க்குப் பழைய உலகில் குடியுரிமை கிடையாது என்பதே காரணமாக இருக்க வேண்டும். ஆனால் அதே கண்டத்துக்காரர்களான உருளைக்கிழங்கும் புகையிலையும் ஷயரில் சௌக்கியமாக இருக்கின்றன. தக்காளிக்கு மட்டும் சிபாரிசு செய்ய ஆளில்லை போலும்.

குறிஞ்சி, குள்ளர்களின் மலைகள். தினையும் இல்லை, தேனும் இல்லை. மலையைக் குடைவார்கள், சோற்றைப் பிறரிடம் வாங்குவார்கள். நெடும்பயணத்துக்கு ‘கிராம்’ என்றொரு ரொட்டி உண்டு. கெடவே கெடாது. தாடைக்குப் பயிற்சி என்பதைத் தவிர அதைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

முல்லை, எல்ஃபுகளின் லோத்லோரியன் காடு. இவர்களுடைய ‘லெம்பாஸ்’ இலையில் பொதிந்த கட்டுச்சோறேதான். ஒன்று தின்றால் ஒரு நாள் முழுக்க நடக்கலாம். தொட்டுக்கொள்ள எதுவும் தருவதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. நெய்தலுக்குப் பச்சை மீன் தின்னும் ஸ்மீகலைத்தான் காட்ட முடிகிறது. அவன் இருந்ததோ மலைக்கடியில் ஓர் ஏரி. திணைமயக்கம் என்று எழுதிவிட்டு நகர்வதே நல்லது.

பாலைதான் சிக்கல். சாரோன் ஆளும் மோர்டோர்: மூன்று பக்கம் மலை, நடுவே எரிமலை, சாம்பல், முள். பாலைக்குரிய உணவு வழிப்பறிப் பொருள் என்று இலக்கணம் சொல்கிறது. கொள்ளையடித்ததை வைத்து ஒரு கூட்டம் ஒரு வாரம் சாப்பிடலாம். பெரும்படை வருடக்கணக்கில் சாப்பிட முடியுமா? 1916இல் சோம் போர்க்களத்தில் சமிக்ஞை அதிகாரியாக இருந்தவர் டோல்கியன். ரேஷன் வராவிட்டால் படை என்ன ஆகும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே மோர்டோரின் தெற்கே, நூர்னென் ஏரிக்கரையில், அடிமைகள் உழும் வயல்களை வைத்தார். சில வரிகள்தான் எழுதினார். கதைமாந்தர் எவரும் அங்கே போவதுகூட இல்லை. ஆனால் சாரோனின் படைக்கு உலை கொதித்தது அந்த வயல்களை நம்பித்தான்.

உலகை மீட்கப் போகும் ஹாபிட் ஃபிரோடோவுடன் செல்லும் சாம், மூட்டையில் ஒரு சின்ன உப்புப் பெட்டியையும் சமையல் பாத்திரங்களையும் சுமக்கிறான். மோர்டோருக்குள் போனபின், பாரம் தாங்காமல், பாத்திரங்களை ஒரு வெடிப்பில் வீசிவிடுகிறான். அவை உருண்டு விழும் சத்தம் அவனால் பொறுக்க முடியவில்லை. எனக்கும்தான். ஆயிரம் பேர் மடியும் போர்க்காட்சிகளில் கலங்காத நான் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்தேன். வீட்டில் இட்லிப்பானை கைதவறி விழுந்தால் கூடத்திலிருப்பவர் அடுக்களைக்கு ஓடிவருவது வெறும் சத்தத்துக்காக அல்ல.

போர் முடிந்து முடிசூடிய அரகோர்ன், மோர்டோரின் அடிமைகளை விடுவித்து, நூர்னென் ஏரியைச் சுற்றிய நிலமனைத்தையும் அவர்களுக்கே கொடுத்துவிடுகிறான். எனவே மோர்டோரின் தென்பகுதியைப் பாலையிலிருந்து நீக்கி மருதத்தில் சேர்க்குமாறு இவ்வாய்வு பரிந்துரைக்கிறது. பட்டா யார் பேரில் என்ற தகராறும் இல்லை.