ஊக்கு இருக்காம்மா?

மோடத்தின் முதுகில் ரீசெட் பொத்தானை ஊசி நுழையும் ஓட்டைக்குள் ஒளித்து வைத்ததற்குக் காரணம் உண்டு: போகிறவர் வருகிறவர் விரல் அதன்மேல் படக்கூடாது. ஆனால் அந்த ஓட்டையைப் பார்த்தாலே சொந்தக்காரரான ரீசெட் மாமாவுக்குக் கை அரிக்கும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "ஊக்கு இருக்காம்மா?" என்பார். நெட் எப்போதிலிருந்து வரவில்லை, மழை பெய்ததா, போன் பேச முடிகிறதா என்று ஒரு கேள்வி கிடையாது. ஊக்கு இல்லையென்றால் குண்டூசி, அதுவும் இல்லையென்றால் சாமி அலமாரியிலிருந்து ஊதுபத்திக் குச்சி. கண்ணை மூடி, பத்து எண்ணும்வரை அழுத்திப் பிடிப்பார். விளக்கெல்லாம் அணைந்து மறுபடி எரியும்போது அவர் முகத்தில் சுகப்பிரசவம் பார்த்த மருத்துவச்சியின் நிறைவு தெரியும்.

மாமா கை வைத்த வீட்டில் ஒரு கோளாறு இரண்டாகிவிடுகிறது என்பதுதான் என் வழக்கு. தொலைபேசிக்கு வருவது ஒரு ஜோடி செம்புக் கம்பி. பேச்சு அதில் 4 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். இணையம் அதற்கு மேலே, ஏ.டி.எஸ்.எல். என்றால் சுமார் 1,100 கிலோஹெர்ட்ஸ் வரை, ஏ.டி.எஸ்.எல். 2+ என்றால் 2,200 வரை ஓடும். இரண்டையும் பிரித்துவிடத்தான் ஸ்ப்ளிட்டர் என்ற சின்ன டப்பா. ஹாலில் அதை மாட்டிவிட்டு, அதற்கு முன்னாலேயே படுக்கையறைக்கு ஒரு பேரலல் போன் இழுத்திருந்தால், அந்தப் போன் வடிகட்டி இல்லாமல் லைனில் தொங்கும். மணி அடிக்கும்போதெல்லாம் நெட் அறுந்து போகும். தெருமுனைப் பெட்டியில் மழைத்தண்ணீர் இறங்கி ஜாயின்ட் பச்சை பூத்திருந்தால் ரிசீவரில் கரகரவென்று கேட்கும், டி.எஸ்.எல். விளக்கு நிலைகொள்ளாமல் சிமிட்டிக்கொண்டே இருக்கும். எக்ஸ்சேஞ்ச் நாலைந்து கிலோமீட்டர் தள்ளி இருந்தால் சிக்னல் மெலிந்துதான் வந்து சேரும். இவை எதுவும் அந்த ஓட்டைக்குள் இல்லை. பாதியைக் கண்டுபிடிக்க ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாலே போதும். அதற்கு ஊக்கு தேவைப்படாது என்பதுதான் மாமாவுக்குக் குறை.

ஓட்டைக்குள் இருப்பது வேறு சமாச்சாரம். வி.பி.ஐ., வி.சி.ஐ. என்று இரண்டு எண்கள் (பி.எஸ்.என்.எல். இணைப்பில் வழக்கமாக 0, 35), பி.பி.பி.ஓ.இ. என்ற தேர்வு, யூசர்நேம், பாஸ்வேர்டு, வைஃபைக்கு வைத்த பெயர் எல்லாம் ஒரே குத்தில் துடைத்துப் போய்விடும். 192.168.1.1 பக்கத்தைத் திறந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து நிரப்ப வேண்டும். "யூசர்நேம் என்னம்மா?" என்று மாமா கேட்பது அப்போதுதான். ரேஷன் கார்டும் கேஸ் புத்தகமும் வைத்திருக்கும் பையைக் கொட்டி வீடே தேடும். கிடைக்காது. "அப்ப எக்ஸ்சேஞ்சுலதான் பிரச்சினை" என்று தீர்ப்பாகும். கொடுமை என்னவென்றால், பல சமயம் அது உண்மை. லைன்மேன் வந்து ஜாயின்ட்டை வெட்டிப் புதிதாக முறுக்குவார்; டி.எஸ்.எல். விளக்கு ஆடாமல் எரியும். நெட் மட்டும் வராது. "எங்க லைன் ஓகே சார்" என்று அவர் சைக்கிளை எடுப்பார். அவர் சொன்னதும் சரி, மாமா சொன்னதும் சரி. பழுது பார்த்த பிறகும் வீடு இருட்டில்தான்.

"எங்கள் வீட்டில் மாமா குத்தித்தானே நெட் வந்தது?" என்று கேட்பவர்கள் உண்டு. வந்திருக்கும். ரீசெட் செய்தால் மோடம் கூடவே அணைந்து எழுகிறது. எழுந்ததும் எக்ஸ்சேஞ்சோடு புதிதாகப் பேசி வேகத்தை மறுபடி முடிவு செய்துகொள்கிறது. சிக்கிக்கொண்ட இணைப்புக்கு அந்த மருந்தே போதும், சுவிட்சை அணைத்துப் போட்டாலும் அதுதான் நடக்கும். நிறுவனமே கொடுக்கும் சில மோடங்களில் பிறவியிலேயே 0, 35 பதிந்திருக்கும். யூசர்நேமும் பாஸ்வேர்டும் மோடத்தில் இல்லாமல் கணினியில் இருந்தால், குத்தினாலும் ஒன்றும் கெடாது. மாமாவின் புகழ் கிளம்பியது இப்படிப்பட்ட வீடுகளிலிருந்துதான். அவர் கெடுத்த வீடுகள் வெளியே சொல்வதில்லை, சொந்தக்காரர் ஆயிற்றே.

காசு வாங்காமல் வருகிறாரே என்பது அடுத்த வாதம். அதை என்னால் தள்ள முடியவில்லை. 198-க்கு அடித்துப் புகார் எண் வாங்கி, ஆள் வரும் நாளுக்குக் காத்திருக்கும் வீட்டில், கூப்பிட்ட அரைமணியில் வந்து, டி.வி. மேசைக்கு அடியில் படுத்து, ஒட்டடையைத் தலையில் அப்பிக்கொண்டு வெளியே வருகிற மனிதர் வேறு யார்? இடுப்பு வலியோடுதான் குனிகிறார். பெற்ற பிள்ளைகள் போனிலேயே யோசனை சொல்லிக்கொண்டிருக்கும்போது, வயரைத் தொட்டுப் பார்ப்பது அவர் ஒருவர்தான்.

ஆனாலும், குத்துவதற்கு முன்னால் அந்த 192.168.1.1 பக்கத்தைத் திறந்து இருப்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? பாஸ்வேர்டு அங்கே புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். அதனால் வீட்டுக்காரரிடம் முதலிலேயே கேட்க வேண்டும். அவருக்குத் தெரியாதென்றால் மோடத்தைத் தொடவே கூடாது. இதைச் சொன்னால், "எனக்கே சொல்லித் தர்றியா மாப்ளே?" என்று காபி குடிக்காமல் கிளம்பிவிடுவார். கிளம்பட்டும்.