வெற்றுத்திரையில் என்டர் தட்டுதல்: ஒரு திருகோணமலை ஆய்வு

கன்சோல் என்றால் கறுப்புத் திரையில் துடிக்கும் சின்னக் கட்டம் என்பார்கள். அது உருவத்தைச் சொல்கிறது, குணத்தைச் சொல்லவில்லை. கன்சோல் ஒரு வீட்டுக் கேற். என்டர் விசை அதன் கொளுக்கி. இக்கட்டுரையின் துணிபு இதுவே.

ஆய்வுக் களம், உட்துறைமுக வீதிக்கு அண்மையிலுள்ள எங்கள் விறாந்தை. ஆய்வுப் பொருள், விளக்கெல்லாம் எரிந்தும் இணையம் தராத ஒரு பழைய றவுட்டர். மருமகன் மூடியைக் கழற்றினான். பலகையின் ஓரத்தில் பெயரில்லாத நாலு துளைகள். ஒன்றில் 3.3 வோல்ட், அதன் பக்கம் போகக் கூடாது. மற்றவை நிலம், வாய், காது. தொழில்காரர் கடைசி இரண்டையும் டிஎக்ஸ், ஆர்எக்ஸ் என்பர். மூன்று வயர்களை லப்டொப்பில் செருகிய யூஎஸ்பி துண்டோடு கோத்து, என்டர் தட்டினான்.

"மாமா, ஒண்டும் வரேல்ல."

"இன்னொருக்காத் தட்டு."

கேற்றில் ஒருதரம் தட்டிவிட்டுத் திரும்பிப் போகிறவர் எங்கள் ஊரில் இல்லை. முதல் தட்டு வீட்டுக்காரருக்கு. இரண்டாவது, முதலாவது கேட்டிருக்காது என்ற நல்லெண்ணத்துக்கு. மூன்றாவது முழுக்க நம்முடைய கோபத்துக்கு. விசைக்குப் பலம் விளங்காது என்று தெரிந்தும் மூன்றாவதை மருமகன் ஓங்கியே அடித்தான். மேசையில் தேத்தண்ணி சிந்தியது இதற்குச் சான்று.

மௌனத்தின் காரணம் பிறகு புலப்பட்டது. வாயை வாயோடும் காதைக் காதோடும் கட்டியிருந்தான். மாற்றிக் கட்டியதும் திரை நிறையக் கேள்விக்குறியும் சதுரமும் கொட்டின. இதைத் தோல்வி என்பது பூர்வபட்சம். நாம் மறுக்கிறோம். நாய் குரைத்தால் வீட்டில் ஆளிருக்கக் கூடும். (பிரெடெரிக் கோட்டை மான்கள் தெருவுக்கு வரும் ஊரில், கேற்றில் கேட்கும் எல்லாச் சத்தமும் ஆள் இல்லை என்பதையும் குறித்துக்கொள்க.) றவுட்டர் பேசியது 115200 வேகத்தில், லப்டொப் கேட்டது 9600இல். இது ஒரு துடிப்பை எண்ணும் நேரத்துக்குள் அது பன்னிரண்டைக் கடத்திவிடும். அந்த வேகத்தை அளக்கும் 'போட்' என்ற அலகு, எமில் போடோ (1845–1903) என்ற பிரெஞ்சுத் தந்திப் பொறியியலாளரின் பெயரால் வந்தது. தன் பெயரை உச்சரித்து எங்கள் விறாந்தையில் இத்தனை ஏச்சு விழும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

இவ்விடத்தில் துறைமுக வழக்கையும் நோக்குக. வீஎச்எஃப் றேடியோவில் 16ஆம் அலைவரிசை, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், அவசரத்துக்கும் கூப்பிடுவதற்கும் உரியது. கூப்பிட்டு, மறுமொழி வந்ததும், கதைக்க வேறு அலைவரிசைக்குப் போய்விட வேண்டும். கேற்றடியில் நின்று ஊர்க்கதை பேசாதே என்பதன் கடல் வடிவம் இது. பேசி முடித்தவர் 'ஓவர்' என்பார். கன்சோலில் அந்த ஓவர்தான் என்டர். அதைத் தட்டும்வரை எவ்வளவு எழுதினாலும் உள்ளே இருப்பது அசையாது.

வேகம் சரியானதும் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது. பாஸ்வேர்ட் அடிக்கும்போது எழுத்து தெரியாது, நட்சத்திரம்கூட விழாது. விழவில்லையென்று மருமகன் ஒரே மூச்சில் இரண்டுதரம் அடித்து உதை வாங்கினான். பிறகு உள்ளே விட்டது. வரியின் தொடக்கத்தில் '#'. வீட்டுச் சொந்தக்காரனுக்கு மட்டும் காட்டும் குறி அது.

"இனி என்ன அடிக்கிறது, மாமா?"

கொளுக்கியைத் திறப்பதிலேயே பின்னேரம் போயிருந்தது; உள்ளே போய் என்ன கேட்பதென்று இருவரும் யோசிக்கவில்லை. 'ரீபூட்' என்று அடிக்கச் சொன்னேன். எழுத்துகள் மழையாக ஓடி நின்றன. கடைசி வரி ஆங்கிலத்தில் இருந்தது: இந்தக் கன்சோலை இயக்க என்டரைத் தட்டவும்.

மருமகன் மூன்றுதரம் தட்டினான்.