சூரணம் சார்

புதுச்சேரி சாரத்தில் காமராஜர் சாலையை ஒட்டிய எந்தத் தெருவில் நின்று இருமினாலும் சரி, ஐந்து நிமிஷத்துக்குள் ஒருவர் பக்கத்தில் வந்து நிற்பார். கையில் மஞ்சள் பை, பைக்குள் ஹார்லிக்ஸ் பாட்டில், பாட்டிலுக்குள் பழுப்பாக ஒரு பொடி. "வெந்நீர்ல அரை ஸ்பூன் போட்டுக் குடிங்க. டாக்டர் கீக்டர்னு போயிடாதீங்க." அரசு உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவராக இருப்பார். வேலையில் இருந்த காலத்தில் ஒரு மனுவுக்கும் உடனே பதில் சொல்லியிருக்க மாட்டார். இப்போது கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் வைத்திருக்கிறார். தெருவுக்கு ஒருவர் உண்டு. எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் சூரணம் சார்.

கொரோனா வந்த 2020 அவருடைய பொற்காலம். ஊரே கபசுரக் குடிநீரும் சீந்திலுமாக அவர் கட்சிக்கு வந்துவிட்டது. அடுத்த ஆண்டே மும்பை மருத்துவர்கள், சீந்தில் சாப்பிட்ட 6 பேருக்கு ஈரல் பாதித்ததை மருத்துவ இதழில் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது: மூலிகையைச் சரியாக அடையாளம் பார்க்கவில்லை, அதே சாயலில் வேறு கொடிகளும் உண்டு என்றது. சார் அமைச்சகத்தின் பக்கம். "அப்போ உங்க பாட்டில்ல இருக்கிறது எந்தக் கொடி?" என்று கேட்டேன். "தெரிஞ்ச பையன் குடுத்தது சார்" என்றார்.

முறையாகப் படித்த சித்த வைத்தியர் நாடி பார்ப்பார், பத்தியம் சொல்வார், இத்தனை நாளைக்கு என்று கணக்கும் சொல்வார். அவர் எழுதித் தரும் மருந்துப் பெட்டியில் உரிம எண், தயாரித்த தேதி எல்லாம் இருக்கும். சார் அந்தக் கட்சியும் இல்லை. மருந்து என்றால்தானே அளவு? இது இயற்கையாயிற்றே! சத்து மாத்திரை டப்பாக்களில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அச்சிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அதைத்தான் நமக்கு ஆதாரமாக நீட்டுவார். "பாத்தீங்களா, இது மருந்தே இல்லன்னு கவர்ன்மெண்டே எழுதியிருக்கு. அப்புறம் எப்படி சைடு எஃபெக்ட் வரும்?"

காலையில் டாக்டர் கொடுத்த சர்க்கரை மாத்திரை. அதன்மேல் ஒரு டம்ளர் பாகற்காய்ச் சாறு. அதன்மேல் சிறுகுறிஞ்சான் பொடி. பதினோரு மணிக்குக் கை நடுங்கும், சட்டை நனைய வேர்க்கும். "உடம்புல இருக்கிற கழிவு வெளிய போவுது" என்பார். வீட்டுக்கார அம்மா ஓடிவந்து வாயில் ஒரு ஸ்பூன் சர்க்கரையைப் போட்டதும் கழிவு போவது நின்றுவிடும்.

வைட்டமின் டி 60,000 யூனிட், வாரத்துக்கு ஒன்று என்று டாக்டர் எழுதியிருந்தார். வாரத்துக்கு ஒன்றே இவ்வளவு நல்லதென்றால் தினம் ஒன்று ஏழு மடங்கு நல்லது என்பது சாரின் கணக்கு. அது உடம்பில் சேர்ந்துகொண்டே போய் ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றும். மலச்சிக்கல் வரும், சிறுநீரகமும் கெடும். சாருக்கு முதலாவது வந்தது. அதற்குக் கடுக்காய்ப் பொடியை ஆரம்பித்தார்.

எதிர்வீட்டு சொல்தா தாத்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், பாரிஸில் மகன் வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது அதே வைட்டமினைக் கண்ணாடிக் குப்பியில் கொண்டுவந்தார். ஒன்று ஒரு லட்சம் யூனிட். சார் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு, ஊசி போட ஆள் தேடிக் கிளம்பிவிட்டார். "யோவ், அது குடிக்கிறதுய்யா. மூணு மாசத்துக்கு ஒண்ணு" என்று தாத்தா வாசலிலிருந்து கத்தினார். "வெயிலே இல்லாத ஊருக்கே மூணு மாசத்துக்கு ஒண்ணுதானா?" என்றார் சார். பிரெஞ்சு வைத்தியத்தின்மேல் அவருக்கு இருந்த மரியாதை அன்றோடு போயிற்று.

போன மாசம் குடலிறக்க ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரிக்குப் போனார். துணைக்கு நானும் போயிருந்தேன். "வேற என்ன மருந்து எடுக்கிறீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா. "ஒண்ணும் இல்ல மேடம்." சாரின் வீட்டுக்கார அம்மா ஒன்றும் பேசாமல் மஞ்சள் பையை மேஜைமேல் கவிழ்த்தார். டாக்டரம்மா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து எழுதிக்கொண்டே வந்தவர், பூண்டு மாத்திரை டப்பாவில் நின்றார். ஏற்கெனவே ஆஸ்பிரின் வேறு. ரத்தம் நிற்காமல் போகக்கூடும் என்று ஆபரேஷனைத் தள்ளிவைத்தார்.

"இத்தனை சாப்பிடறீங்க, கேட்டப்போ ஏன் சார் சொல்லல?"

"நீங்க மருந்துதானே மேடம் கேட்டீங்க?"