கத்தரிக்கோல் இல்லாமல் கூந்தலைக் குறைப்பது எப்படி?

இடுப்பு வரை இருக்கும் முடியைத் தோள் வரை கொண்டுவர இரண்டு வழிகள் உண்டு. பார்லரில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் வெட்டிக்கொள்வது சோம்பேறிகளின் வழி. நுனி ஒரே சீராக நின்றுவிடும். சொந்தபந்தத்துக்குப் பேசவும் ஒன்றும் இருக்காது. இன்னொரு வழி, ஒவ்வொரு முடியையும் அதற்குத் தோன்றிய இடத்தில் உடைய வைப்பது. இதற்கு உழைப்பும் கொஞ்சம் மின்சாரமும் நிறையப் பணமும் வேண்டும். ஆனால் பலன் நிச்சயம்.

உங்களுக்குச் சாதகமான விஷயம் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். வெளியே தெரிகிற முடிக்கு உயிர் கிடையாது. தோலுக்கு அடியில் இருக்கும் வேர்ப்பைதான் உயிரோடு வேலை பார்க்கிறது. வெளியே வந்த தண்டில் ரத்தமும் இல்லை, நரம்பும் இல்லை. கையில் பட்ட கீறலை உடம்பு நாலு நாளில் மூடிவிடும். முடியில் விழுந்த கீறல் விழுந்ததுதான். மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்ச்சி என்று கணக்குப் போட்டால், 60 செ.மீ. கூந்தலின் நுனிக்கு ஐந்து வயது. வாரம் இரண்டு முறை தலைக்குக் குளிப்பவர் என்றால் அந்த நுனி 500 குளியலைத் தாண்டி வந்திருக்கிறது. பாதி வேலையைக் காலமே செய்து வைத்திருக்கிறது. மிச்சத்தை மட்டும் நாம் பார்த்தால் போதும்.

குளித்து வந்த கையோடு தொடங்குங்கள். முடித்தண்டின் மேல் மெல்லிய செதில்கள் நுனியைப் பார்த்து ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். உள்ளே இருக்கும் கெரட்டின் இழைகளுக்கு அவைதான் காவல். ஈரத்தில் முடி உப்பி, செதில்கள் தூக்கிக்கொண்டு, இழுத்த இழுப்புக்கெல்லாம் நீளும். இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. துண்டோடு சேர்த்து முறுக்கிப் பிழியுங்கள். பட்பட்டென்று அடித்து உதறுங்கள். சிக்கெடுக்கும்போது நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே போகிற பழக்கம் வேண்டாம். உச்சந்தலையில் சீப்பை வைத்து ஒரே இழுப்பு. (சுருள் சுருளாக இறுகிய முடிக்காரர்கள் மன்னிக்கவும். உங்களுடையது காய்ந்த நிலையில் வாரினால்தான் நன்றாக உடையும். ஈரத்தில் கண்டிஷனர் போட்டு வாரினால் தப்பித்துவிடும்.)

குளிப்பதற்கு முன் தேங்காய் எண்ணெய் வைக்கும் வழக்கம் வீட்டில் இருந்தால் உடனே நிறுத்துங்கள். தேங்காய் எண்ணெய் தண்டுக்குள் இறங்கி, குளியலில் புரதம் கழன்று போவதைக் குறைக்கிறது என்றும், மினரல் ஆயிலாலும் சூரியகாந்தி எண்ணெயாலும் அது முடியவில்லை என்றும் 2003-இல் ஓர் ஆய்வு வந்தது. செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஆட்கள்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் நம் திட்டத்துக்கு எதற்கு வம்பு?

அடுத்தது சூடு. ஹேர் ஸ்ட்ரெயிட்னரைக் காய்ந்த முடியில் வைப்பவர்கள் பாதிக் கிணறுதான் தாண்டுகிறார்கள். ஈரம் சொட்டும்போதே வையுங்கள். சுர்ர்ரென்று சத்தம் வரும். தண்டுக்குள் இருக்கும் தண்ணீர் கொதித்து, ஆவியாகி, வெளியேற இடமில்லாமல் உள்ளேயே குமிழ் விடும் சத்தம் அது. 1986-இல் இதை முதன்முதலாக விவரித்த மருத்துவர்கள் 'குமிழ் முடி' என்றே பெயர் வைத்தார்கள். சுருட்டும் கருவியை 125 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் பிடித்தாலே போதும். இன்று கடையில் கிடைக்கும் கருவிகள் 200 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டுகின்றன. நம் பாட்டிமார்களுக்குக் கிடைக்காத வசதி. அவர்கள் சாம்பிராணிப் புகையோடு நின்றுவிட்டார்கள்.

பணம் இருப்பவர்கள் ரசாயனத்துக்குப் போகலாம். முடியின் உறுதி கெரட்டினுக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்புகளில் இருக்கிறது. ரீபாண்டிங்கில் முதல் கிரீம் அந்தப் பிணைப்புகளை அறுக்கும். இஸ்திரி போட்டு நேராக்குவார்கள். இரண்டாவது கிரீம் பிணைப்புகளைத் திரும்பக் கட்டும். எல்லாவற்றையும் கட்டாது, அதில்தான் நம் நம்பிக்கை. ஆறு மாதம் கழித்து மறுபடி போங்கள். புதிதாக வளர்ந்த பகுதிக்கு மட்டும் பூசுகிறேன் என்று பார்லர்காரம்மா சொன்னால் விடாதீர்கள். கொடுத்த காசுக்கு முழு நீளத்துக்கும் பூசச் சொல்லுங்கள். முடிந்தால் அதே வாரத்தில் ப்ளீச் செய்து கலரும் போட்டுக்கொள்ளலாம்.

'ஃபார்மலின் கலக்காதது' என்று எழுதிய நேராக்கும் கிரீம்கள் சிலவற்றில் கிளையாக்சிலிக் அமிலம் இருக்கும். மூன்று தடவை முடியை நேராக்கிக்கொண்ட ஒரு பெண்ணுக்கு மூன்று தடவையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2024-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் எழுதினார்கள். அதே கிரீமை எலிகளின் தோலில் தடவிப் பார்த்தபோது அவற்றின் சிறுநீரகத்தில் ஆக்சலேட் படிகங்கள் சேர்ந்தன. முடிக்கென்று வாங்கிய பேக்கேஜில் இப்படிக் கூடுதல் சேவைகளும் உண்டு.

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்தால் சில மாதங்களில் முடியில் அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள் தெரியும். செதில்கள் போய், உள்ளிழைகள் பிரிந்து பிதுங்கிய இடங்கள் அவை. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் இரண்டு பெயிண்ட் பிரஷ்களை எதிரெதிரே வைத்துத் திணித்தது போல இருக்கும். மருத்துவர்கள் இதை 'ட்ரைக்கோரெக்ஸிஸ் நோடோசா' என்பார்கள். முடித்தண்டுக் கோளாறுகளில் அதிகம் காணப்படுவது இதுதான். வீட்டில் பெரியம்மா வேறு பெயர் சொல்வார்.

"ஏண்டி, தலை பூரா ஈரு! காலேஜ் போற பொண்ணு மாதிரியா இருக்க? வா இப்படி."

"அது ஈரு இல்ல பெரியம்மா..."

"எனக்குத் தெரியாதா? உங்கம்மாவுக்கே நான்தான் பேன் பார்த்தேன்."

தலையைக் கொடுத்துவிடுங்கள். ஈர் என்றால் முடியோடு ஒட்டிக்கொண்டு லேசில் வராது. இந்தப் புள்ளி தொட்ட இடத்தில் முடிந்துவிடும். நெருக்கமான பல் வைத்த பேன் சீப்பால் பெரியம்மா அரை மணி நேரம் வாரினால், ஸ்ட்ரெயிட்னர் ஒரு மாதத்தில் செய்வதை முடித்துத் தருவார். சீப்பில் வந்ததைப் பார்த்து, "பார், எவ்வளவு!" என்பார். அதில் ஒரு பேன்கூட இருக்காது.

இந்தக் கட்டத்தில் நீங்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும், உண்மை தெரிந்துவிடும் ஆபத்து உண்டு. தரையில் கிடக்கும் முடியை எடுத்து இரண்டு முனைகளையும் பார்த்துவிடாதீர்கள். தானாக உதிர்ந்த முடியின் ஒரு முனையில் வெள்ளையாகக் கடுகைவிடச் சிறிய வேர் இருக்கும், உடைந்ததில் இருக்காது. நாளுக்கு 100 வரை உதிர்வது சாதாரணம். பார்க்காமலே "முடி கொட்டுது" என்று எல்லோரிடமும் சொல்லி, வேருக்குத் தடவும் தைலங்களாக வாங்கிக் குவியுங்கள். வேர் பாட்டுக்கு நன்றாகத்தான் இருக்கும். அடுத்து போர் தண்ணீரைத் திட்டுங்கள். கூடவே பயோட்டின் மாத்திரை. அந்தச் சத்துக் குறைவு நிஜமாகவே உள்ள சிலருக்கு அது உதவும். மற்றவர்களுக்கு ரத்தப் பரிசோதனையைக் குழப்பும், குறிப்பாகத் தைராய்டு அளவுகளை. முடி எளிதில் உடைய தைராய்டு குறைவும் ஒரு காரணம் என்பதால், கண்டுபிடிக்க வந்த மருத்துவரையும் சேர்த்தே திசைதிருப்பலாம்.

ஒரு பிரிவினருக்கு மட்டும் இந்த வழிகாட்டி கிடையாது: சூடு, சாயம், ரப்பர் பேண்டு எதுவும் படாமலே முடி உடைகிற குழந்தைகள். மோனிலெத்ரிக்ஸ் என்ற பரம்பரைக் கோளாறில் தண்டு மணிமணியாகத் தடித்தும் இடையிடையே மெலிந்தும் வளர்ந்து, மெலிந்த இடங்களில் உடையும். பிறக்கும்போது முடி நன்றாகத்தான் இருக்கும். சில மாதங்களில் பின்மண்டை குத்துக்குத்தாக ஆகிவிடும். "மொட்டை போடு, அடர்த்தியா வளரும்" என்று ஊரே சொல்லும். சவரக்கத்தி வெட்டுவது உயிரற்ற தண்டை. வேர்ப்பைக்கு மொட்டை போட்டதே தெரியாது.

இன்னொன்று மென்கெஸ் நோய். 1962-இல் ஜான் மென்கெஸ் என்ற மருத்துவரும் சகாக்களும் ஒரு குடும்பத்தின் ஆண் குழந்தைகளிடம் கண்டு எழுதியது. முடி நிறமிழந்து, முறுக்கிக்கொண்டு, குட்டைகுட்டையாக உடையும். வலிப்பு வரும், மூளை வளர்ச்சி நின்றுபோகும். காரணம் பத்து ஆண்டுகள் தெரியவில்லை. செம்புச் சத்தில்லாத மண்ணில் மேயும் செம்மறிகளின் கம்பளி சுருள் கெட்டுக் கம்பியாகிவிடும் என்பது ஆஸ்திரேலியாவில் தெரிந்த சங்கதி. மெல்போர்னில் டேவிட் டாங்க்ஸ் என்ற குழந்தை மருத்துவருக்கு இந்த முடியைப் பார்த்ததும் அந்தக் கம்பளி நினைவுக்கு வந்தது. ரத்தத்தில் செம்பை அளந்தார், குறைவாக இருந்தது. 1972-இல் விடை கிடைத்தது. பிறந்த சில வாரங்களுக்குள் செம்பு ஊசி தொடங்கினால் சில குழந்தைகளுக்குப் பலன் இருக்கிறது. ஆகவே கைக்குழந்தையின் முடி காரணமில்லாமல் உடைந்தால் குடும்பத்தில் யாரையும் கேட்க வேண்டாம். குழந்தை மருத்துவரிடமோ தோல் மருத்துவரிடமோ போய்விடுங்கள். நாலு முடியை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பதில்தான் அவர்களும் தொடங்குவார்கள்.

மற்றவர்களுக்குக் கடைசியாக ஓர் எச்சரிக்கை. சூட்டையும் கிரீமையும் முரட்டுச் சீப்பையும் விட்டுவிட்டால் எல்லாம் கெட்டுவிடும். வேர்ப்பை ஒன்றும் மனதில் வைத்துக்கொள்ளாது. இரண்டு மூன்று வருடத்தில் புது முடி பழைய நீளத்துக்கே வந்து நிற்கும். ஆனால் பயப்பட வேண்டியதில்லை. அதற்குள் எந்தச் சித்தப்பா மகளாவது பத்திரிகையோடு வந்து, "பார்லர்ல பேசிட்டேன்கா, நம்ம எல்லாருக்கும் சேர்த்து ஸ்ட்ரெயிட்னிங், பாதி ரேட்டுதான்" என்பாள்.