வயதுவந்தோர் கணினி விளையாட்டுகளில் மெகா சீரியல் கூறுகள்: ராஜபாளையம் வட்டார நோக்கில்

ஆய்வின் எல்லையை முதலில் வரையறுத்துவிடுவோம். களம்: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர். பொருள்: காதல். இந்த வட்டாரத்தில் காதல் என்றால் ஆண்டாளில் தொடங்குவதே முறை. ஆனால் 2018 ஜனவரியில் ஆண்டாளைப் பற்றி ராஜபாளையத்தில் வாசிக்கப்பட்ட ஒரு கட்டுரை எங்கே போய் நின்றது என்பது ஊரறிந்த கதை. ஆகவே ஆய்வாளர் நேரே அமெரிக்காவுக்குப் போய்விடுகிறார்.

அங்கே 1987இல் சியரா நிறுவனம் ‘லெஷர் சூட் லாரி’ என்ற விளையாட்டை வெளியிட்டது. உருவாக்கிய அல் லோ, அதற்குமுன் பள்ளியில் இசை சொல்லிக்கொடுத்தவர். வெள்ளை கோட்டு சூட்டும் ஏறுநெற்றியுமாக நடுவயது லாரி காதல் தேடி அலைவதே கதை. பெரியவர்களுக்கானது என்பது பெயருக்குத்தான். ‘சித்தி’யும் ‘கோலங்க’ளும் பார்த்துத் தேர்ந்த மாமியார் ஒருவர் முன்னால் இதை ஓடவிட்டால், பாதியிலேயே மீதிக் கதையைச் சொல்லிவிடுவார் என்பது நம் கருதுகோள்.

சான்றுகள்: டிஸ்கோவில் சந்தித்த ஃபானுக்கு ரோஜா, மிட்டாய்ப் பெட்டி, மோதிரம் எல்லாம் கொடுத்து லாரி கல்யாணமும் முடிக்கிறான். (2019இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவைக் கொடுத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பது தனி ஆய்வுக்குரியது.) முதலிரவில் அவள் அவனைக் கட்டிலோடு ரிப்பனால் கட்டிப்போட்டுவிட்டு, பணத்தை வழித்துக்கொண்டு போய்விடுகிறாள். முதல் பாகத்தின் முடிவில் கைகூடிய ஈவ், 1988இல் வந்த இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் அவனை வாசலோடு விரட்டுகிறாள். அப்புறம் மணந்த தீவுக்காரியும் மூன்றாம் பாகத்தில் விட்டுவிட்டுப் போகிறாள். கிளிசரின் மட்டும்தான் குறை.

தெருவில் சும்மா நின்றால் ஒரு நாய் வந்து லாரியின் காலை நனைத்துவிட்டுப் போகும். ராஜபாளையம் நாய் அப்படிச் செய்யாது, கடிக்கும். 2005இல் அஞ்சல்தலையே கண்ட வம்சம் அது.

சிறுவர்களை வடிகட்ட, தொடக்கத்தில் பொது அறிவுக் கேள்விகள் வைத்திருந்தார்கள். இங்கே அது செல்லாது. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தை ஆண்ட ராஜபாளையத்துக்காரர் யார் என்று கேளுங்கள். வினாடி வினாவுக்குப் போய்வரும் எட்டாம் வகுப்புப் பிள்ளை பி.எஸ். குமாரசாமி ராஜா என்று சட்டென்று சொல்லும். அப்பா தலையைச் சொறிவார்.

உச்சம், 1991இல் வந்த ஐந்தாம் பாகம். நான்காம் பாகம் வரவே இல்லை. விளையாட்டு சொல்லும் காரணம்: அதன் ஃபிளாப்பிகள் களவுபோய்விட்டன, அதனால் லாரிக்கு இடையில் நடந்தது எதுவும் நினைவில்லை. மண்டையில் அடிபட்டு எல்லாம் மறந்த நாயகர்களை நாம் நிறையவே பார்த்திருக்கிறோம். பாகம் வெளிவராததால் மறந்தவன் இவன்தான். அதற்கும் அவசியமில்லை. கரண்ட் போய் ஓர் எபிசோடு விட்டுப்போனால் ராஜபாளையத்தில் யாரும் நினைவிழப்பதில்லை. “நேத்து என்னாச்சுக்கா?” என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். அக்கா நேற்று நடந்ததையும் சொல்வார், நாளைக்கு நடக்கப்போவதையும் சொல்வார்.